துவேஷ வோட்டும் பச்சாத்தாபமும்: சார்லஸ் பிராட்லாவின் சரித்திரம்

வோட்டு என்பது ஒரு தீர்ப்பு. தீர்ப்புச் சொல்லுகிறவன் இரு கட்சியாரையும் விசாரித்த பின்னரே வாய் திறக்க வேண்டுமென்பது நியாயஸ்தலங்களின் பால பாடம். ஆயினும் வோட்டளிப்போரில் பலர், எதிரே நிற்பவனுடைய மதம், ஜாதி, நிறம் இவற்றில் ஒன்றைக் கண்ட மாத்திரத்திலேயே தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு, அதற்கான காரணங்களைப் பிற்பாடு தேடுகிறார்கள். இதுவே துவேஷ வோட்டு. வருஷங்கள் சில கழிந்த பின், அவர்களில் சிலர் தாம் செய்தது அநீதியென்று உணர்ந்து வருந்துவதும் உண்டு. அப்படி வருந்துகிறவர்களைச் சேர்த்துக்கொள்வதா, தள்ளி வைப்பதா என்னும் கேள்வி, பொது வாழ்வில் இறங்கிய ஒவ்வொருவர் முன்னும் ஒரு நாள் வந்து நிற்கும். அதை அனுபவித்தே தீர்த்துக் காட்டியவர் சார்லஸ் பிராட்லா. இந்தியாவின் பிரதிநிதி என்றே நம்மவர்களால் ஒரு காலத்தில் கொண்டாடப்பட்ட அவருடைய சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

பிராட்லா 1833ஆம் வருஷம் செப்டம்பர் 26ந் தேதி லண்டன் நகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். தகப்பனார் ஒரு வக்கீல் குமாஸ்தா, ஏழைக் குடும்பம். பதினோரு வயதளவில் பள்ளிப் படிப்பு நின்றது. பையன் ஆபீசில் எடுபிடி வேலை செய்தான். பின்பு நிலக்கரி வியாபாரி ஒருவரிடம் கணக்குப் பார்த்தான். கிறிஸ்தவ பக்தி மிகுந்திருந்தமையால் ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையில் உபாத்தியாயராகவும் அமர்த்தப்பட்டான். பிஷப்பின் வருகைக்காகப் பாடங்களைத் தயார் செய்தபோது, ஆங்கிலத் திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளும் சுவிசேஷங்களும் சில இடங்களில் ஒத்துவரவில்லையென்று அவனுக்குத் தோன்றிற்று. விளக்கம் கேட்டுப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினான். வந்த பதில் விளக்கமன்று, தண்டனை. நாஸ்திகன் என்ற பெயர் சூட்டப்பட்டது. உபாத்தியாயர் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. சில காலத்திற்குள் தகப்பன் வீட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தது. கேள்வி கேட்ட சிறுவனைக் கேளாமலே தண்டித்த இச்சம்பவத்தின் பெரிய பதிப்பைத்தான் முப்பது வருஷங்களுக்குப் பின் பார்லிமெண்டு நடத்திக் காட்டிற்று.

வறுமையால் 1850இல் அவர் குதிரைப் படையில் சேர்ந்தார். இந்தியாவுக்குச் செல்லலாமென்பது அவர் எண்ணம், அனுப்பப்பட்டதோ அயர்லாந்துக்கு. அங்கே ஏழைக் குடியானவர்கள் படும் துன்பத்தைக் கண்ணாரக் கண்டார். 1853இல் பணம் கட்டி விடுதலை பெற்று, லண்டனில் வக்கீல் குமாஸ்தாவாகிச் சட்டத்தை ஐயந்திரிபறக் கற்றார். பகலில் குமாஸ்தா வேலை, இரவில் பிரசங்கம். அவருடைய 'நேஷனல் ரிபார்மர்' பத்திரிகையும், 1866இல் அவர் ஸ்தாபித்த தேசிய மதச்சார்பற்றோர் சங்கமும் தொழிலாளரிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்றன. அவர் முடியரசை வேண்டாதவர்; கடவுளை நம்பாதவர். இவற்றை ஒளிக்கவுமில்லை. 1877இல், பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து 1917இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த அன்னி பெஸண்டு அம்மையாருடன் சேர்ந்து, கர்ப்பத்தடையைப் பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டதற்காக இருவருக்கும் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, அப்பீலில் ரத்தாயிற்று. இவ்வளவும் சேர்ந்து, அவரைக் கண்டிராதவர்களும் அவரை வெறுப்பதற்குப் போதுமானதாயின.

செருப்புத் தொழிலுக்குப் பேர்போன நார்தாம்டன் நகரில் அவர் 1868இல் பார்லிமெண்டு தேர்தலுக்கு நின்று தோற்றார். அத்தேர்தலில் அவருக்குப் பண உதவி செய்த தத்துவ ஞானி ஜான் ஸ்டூவர்ட் மில், வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் தம் ஸ்தானத்தை இழந்ததற்கு அந்த உதவியும் ஒரு காரணமாயிற்று. துவேஷம் எவ்வளவு தூரம் தொற்றும் என்பதற்கு இது ஒரு சான்று. 1874இல் பிராட்லா இரு முறை நின்று இரு முறையும் தோற்றார். 1880இல் வென்றார்.

அந்த வருஷம் மே மாதம் 3ந் தேதி, சத்தியப் பிரமாணத்திற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதிக்குமாறு அவர் காமன்ஸ் சபையைக் கேட்டார். நியாயஸ்தலங்களில் நாஸ்திகரும் உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்ல 1869, 1870ஆம் வருஷச் சட்டங்கள் இடம் கொடுத்திருந்தன. ஒரு கமிட்டி கூடி, ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் முடியாதென்றது. அப்படியானால் பிரமாணமே செய்கிறேன், அதற்குக் கட்டுப்படுவேன் என்று பிராட்லா முன்வந்தார். நாஸ்திகன் வாயில் பிரமாணம் செல்லாது என்று ஆட்சேபம் கிளம்பிற்று. உறுதிமொழி கூறவும் இடமில்லை. பிரமாணம் செய்யவும் இடமில்லை. ஜூன் 22ந் தேதி, இரண்டையும் தடுக்கும் தீர்மானம் 275க்கு 230 என்ற கணக்கில் நிறைவேறிற்று. மறுநாள் சபையை விட்டுப் போக மறுத்த அவரைக் காவலில் வைத்து, அன்றிரவு மணிக்கூண்டிலே அடைத்தார்கள்.

அந்த 275 பேரும் ஒரே தன்மையர் அல்லர். மெய்யாகவே தம் மதத்திற்கு அவமானம் நேர்ந்ததென்று மனம் புண்பட்டவர் சிலர். தொகுதியில் என்ன சொல்வார்களோ என்று அஞ்சியவர் சிலர். ராண்டால்ப் சர்ச்சில் பிரபு முதலான வேறு சிலருக்கோ, பிராட்லா ஒரு நல்ல தடி. அதைக் கொண்டு பிரதம மந்திரி கிளாட்ஸ்டனை அடித்தார்கள். மூன்றாம் வகையாருக்குத் துவேஷங்கூட இல்லை. பிறருடைய துவேஷத்தை வியாபாரம் செய்தார்கள். மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது இந்த வகை பிரித்தல் அவசியம். இதற்கு எதிர்ப்புறத்தில், ஆழ்ந்த மதப்பற்றுடையவராகிய கிளாட்ஸ்டனோ, தெய்வ நம்பிக்கையை வோட்டுச்சாவடியின் காவலாளியாக்குவது தெய்வத்திற்கே இழிவென்று கருதி, பிராட்லாவின் உரிமைக்காக நின்றார். பக்தி வேறு, துவேஷம் வேறு என்பதை அவர் நடத்தை விளக்கிற்று.

ஜூலை மாதம், சட்டப்படி வரும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு உறுதிமொழி கூறலாமென்று சபை இசைந்தது. பிராட்லா உட்கார்ந்தார். உடனே அவர் அளித்த ஒவ்வொரு வோட்டுக்கும் 500 பவுன் அபராதம் கேட்டு வழக்குத் தொடுக்கப்பட்டது. 1881 மார்ச்சில் தீர்ப்பு அவருக்கு விரோதமாயிற்று; ஸ்தானம் காலியாயிற்று. ஏப்ரலில் நார்தாம்டன் 132 வோட்டு அதிகத்தில் அவரை மறுபடியும் அனுப்பிற்று. ஆகஸ்டு 3ந் தேதி சபைக்குள் நுழைய முயன்ற அவரைச் சேவகரும் போலீசாரும் இழுத்து வெளியே தள்ளினர். மேலங்கி கிழிந்தது, கைகளின் தசைகள் காயமுற்றன. 1882 பிப்ரவரியில் தாமே பிரமாணம் செய்துகொண்டார். சபை அவரை நீக்கிற்று. ஜனங்கள் 108 வோட்டு அதிகத்தில் திரும்ப அனுப்பினர். 1883இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த உறுதிமொழி மசோதா 289க்கு 292 என்று மூன்றே வோட்டில் தோற்றது. அதே வருஷம் அபராத வழக்கு பிரபுக்கள் சபையில் தள்ளுபடியாயிற்று. 1884இல் மற்றோர் இடைத் தேர்தல். இம்முறை அதிகம் 368 வோட்டு. கல்வியும் செல்வமும் மிகுந்த அங்கத்தினர்கள் துவேஷத்தால் அடைத்த கதவை, செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் மீண்டும் மீண்டும் தட்டினார்கள். அவர்களும் பெரும்பாலும் கிறிஸ்தவர்களே. ஆனால் தங்களுக்காக உழைப்பவன் எவன் என்று மட்டுமே பார்த்தார்கள்.

1886 ஜனவரியில் புதிய பார்லிமெண்டு கூடியபோது, சபாநாயகர் பீல், ஓர் அங்கத்தினருக்கும் அவர் பிரமாணத்திற்கும் நடுவே குறுக்கிட எவருக்கும் உரிமையில்லையென்று விதித்துவிட்டார். ஆறு வருஷப் போராட்டம் சில நிமிஷங்களில் முடிந்தது. உள்ளே வந்த பிராட்லா, தம்மை வெளியே தள்ளியவர்களுடன் ஒரே மண்டபத்தில் அமர்ந்தார். பழி தீர்க்க வேண்டுமானால் வாய்ப்புக்குக் குறைவில்லை. 1883ஆம் வருஷ மசோதாவை வீழ்த்திய வோட்டுகளில் ஐரிஷ் அங்கத்தினர்களுடையவையும் இருந்தன. அவ்வளவும் தெரிந்திருந்தும், 1886இல் அயர்லாந்தின் சுயாட்சி மசோதா வந்தபோது பிராட்லா அதற்குச் சாதகமாகவே வோட்டளித்தார். தமக்குத் தீங்கிழைத்தவர்களின் நியாயமான கோரிக்கை, தீங்கிழைத்த காரணத்தால் அநியாயமாகிவிடாது என்பது அவர் கொள்கை.

ஆனால் அவர் மன்னித்தாரேயன்றி, அசட்டையாக விட்டுவிடவில்லை. சபாநாயகரின் தயவால் தமக்குத் திறந்த கதவு, மற்றொருவருக்குச் சட்டத்தாலேயே திறக்க வேண்டுமென்று பாடுபட்டார். 1888இல் அவர் கொண்டுவந்த பிரமாணச் சட்டம் நிறைவேறிற்று. மத நம்பிக்கை இல்லாதவரும் உறுதிமொழி கூறலாமென்பது நாட்டின் சட்டமாயிற்று. ஐந்து வருஷங்களுக்கு முன் இதே ஏற்பாட்டை நிராகரித்த சபை, கன்சர்வேடிவ் கட்சியாரின் ஆட்சியிலேயே இதை ஏற்றுக்கொண்டது. 1880ஆம் வருஷத் தீர்மானத்தைச் சபையின் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட வேண்டுமென்பது அவருடைய மற்றொரு கோரிக்கை. வில்க்ஸ் என்பவரைத் தள்ளிய 1769ஆம் வருஷத் தீர்மானத்தை அதே சபை 1782இல் அடித்திருந்தமையால், அதற்கு முன்மாதிரியும் இருந்தது.

இதற்கிடையே, 1889 டிசம்பரில், கடும் நோயிலிருந்து எழுந்த உடம்போடு பம்பாய்க்கு வந்து காங்கிரஸ் மகாசபையில் கலந்துகொண்டார். அவ்வருஷத்தின் எண்ணைப் போலவே 1889 பிரதிநிதிகள் கூடிய சபை அது. திரும்பிச் சென்றதும் இந்தியச் சட்டசபைகளில் தேர்தல் முறையைப் புகுத்துவதற்கு 1890இல் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லையாயினும், 1892ஆம் வருஷச் சட்டத்திற்கு வழி கோலிற்று. ஆறு வருஷம் பிரதிநிதித்துவம் மறுக்கப்பட்டவருக்கு, அது அறவே இல்லாத ஜனங்களின் குறை விளங்கியதில் வியப்பில்லை.

1891 ஜனவரியில் அவர் மரணப் படுக்கையில் விழுந்தார். 27ந் தேதி, அவருக்குப் பதிலாக ஹண்டர் என்னும் அங்கத்தினர் பிரேரேபிக்க, காமன்ஸ் சபை தன் பழைய தீர்மானத்தை அடித்துவிட்டது. அந்தச் செய்தி நோயாளியின் அறிவுக்கு எட்டவில்லை. 30ந் தேதி உயிர் பிரிந்தது. புரூக்வுட் மயானத்தில் நடந்த அடக்கத்திற்கு லண்டனிலிருந்த இந்தியர் பலர் சென்றனர். அவர்களுள் ஒருவர் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த மோகன்தாஸ் காந்தி.

இச்சரித்திரத்தில் இரண்டு பச்சாத்தாபங்கள் இருக்கின்றன. ஒன்று 1888ஆம் வருஷத்தது. மற்றொன்று 1891ஆம் வருஷத்தது. பின்னது உருக்கமானது. ஆனால் சாகக் கிடப்பவனுக்குச் செய்யும் மரியாதையில் செலவு அதிகமில்லை. அது பிராட்லாவுக்கு எட்டவுமில்லை. முன்னதோ, தாம் முன்பு வோட்டால் அடைத்த வழியை வோட்டாலேயே திறந்தது. அவருக்குப் பின் வந்த எத்தனையோ பேருக்குப் பயன்பட்டது. ஆகவே, துவேஷத்தால் வோட்டளித்தவன் வருந்தி வரும்போது அவனுடைய கண்ணீரை நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அவனுடைய அடுத்த வோட்டைப் பார்த்தால் போதும். மனம் புண்பட்டு வழி தவறியவனும், அஞ்சித் தவறியவனும் அதனால் மீள முடியும். துவேஷத்தை விற்றுப் பிழைத்தவன், அந்தக் கடையை மூடியதைக் கண்ட பின்னரே நம்பத்தக்கவன்.

அதுவரையில் அவர்களுக்குக் கதவை அடைப்பது நமக்குத் தகுதியன்று. வோட்டு உரிமையுள்ள நாட்டில், நேற்றுத் தவறியவர்கள் இன்று மாறினாலொழிய நியாயத்திற்குப் பெரும்பான்மை கிடைக்கும் வழி ஏது? மூன்று வோட்டில் தோற்ற மசோதாவுக்கு எதிர்ப்புறத்திலிருந்து இரண்டே பேர் மனம் மாறி வந்திருந்தால் போதும். அந்த இருவரை வரவேற்க மனமில்லாதவன் தன் கோபத்தைக் காப்பாற்றிக்கொள்வான். தன் காரியத்தை இழப்பான். பிராட்லா காரியத்தைக் காப்பாற்றினார்.