வீட்டுக் கராஜில் பிறந்த கார்: கொலின் சப்மன் வாழ்வு உணர்த்தும் பாடம்

கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர் என மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களின் கராஜ்களில் தகடு வெட்டி, துளையிட்டு, ரிவிட் அடிக்கும் இளைஞர்களை நாம் நாளாந்தம் காண்கின்றோம். படிப்பு ஏறாதவர்களின் புகலிடமே அத்தொழில் என்ற எண்ணம் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் இன்னும் மறையவில்லை. அதே தகட்டு வேலையில் தொடங்கி உலகப் புகழ் எய்திய ஒருவரின் வாழ்வை இவ்வேளையில் நினைவுகூர்வது பொருத்தமானது.

கொலின் சப்மன் 1928 மே 19 ஆம் திகதி இங்கிலாந்தின் ரிச்மண்டில் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்ற காலத்தில், தாம் பின்னாளில் மணந்த ஹேசலின் பெற்றோர் வீட்டுக் கராஜில் பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றைப் பிரித்து, அலுமினியத் தகடு ஒட்டிய பலகைகளால் அதற்குப் புதிய உடல் அமைத்தார். இறுதிப் பரீட்சையில் கணித பாடத்தில் தவறி, மீண்டும் எழுதியே பட்டம் பெற்றார். பின்னர் அலுமினிய நிறுவனமொன்றில் பொறியியலாளராகப் பணியாற்றினார். ஹேசல் கொடுத்துதவிய 25 பவுண் முதலீட்டுடன் 1952 இல் லோட்டஸ் நிறுவனம் உருவானது.

வாங்குபவர் தமது வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய உதிரித் தொகுதியாகக் காரை விற்றமையே அவரது தனித்துவமாகும். 1957 இல் வெளிவந்த லோட்டஸ் செவன் இதில் புகழ்பெற்றது. மெல்லிய உருக்குக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகத்தின் மீது அலுமினியத் தகடுகள் ரிவிட்டினால் பொருத்தப்பட்டன. அத்தகடுகள் வெறும் மூடியல்ல; சட்டகம் கோணாதவாறு இழுத்துப் பிடிக்கும் உறுப்புகளுமாகும். ஆகவே துளை பிசகினாலோ ரிவிட் தளர்ந்தாலோ வண்டியின் உறுதியே குன்றிவிடும். உருக்கும் அலுமினியமும் நேரடியாகத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம் அரிக்கப்படும். இரண்டுக்குமிடையே காப்புப் பூச்சு அவசியம் என்பதை உப்புக்காற்றுடன் வாழும் எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

முழுமையான காருக்கு அன்று பிரித்தானியாவில் விதிக்கப்பட்ட கொள்வனவு வரி, உதிரித் தொகுதிக்கு இருக்கவில்லை. இதனால் நடுத்தர வருமானமுடையோரும் விளையாட்டுக் காரொன்றுக்கு உரிமையாளராயினர். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியும், வரிச்சுமையால் காரை எட்டாக்கனியாகக் காணும் எமது மக்கள் இதன் பெறுமதியை நன்கு உணர்வர்.

பந்தயக் களத்திலும் சப்மன் சாதித்தார். 1962 இல் தனிச் சட்டகமின்றி, அலுமினியத் தகட்டு உடலே கட்டமைப்பாக அமைந்த காரை ஃபோர்முலா வன் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். 1963 முதல் 1978 வரை அவரது நிறுவனம் ஏழு தடவைகள் தயாரிப்பாளர் சம்பியன் பட்டத்தை வென்றது.

எனினும் இவ்வாழ்வின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. எடையைக் குறைப்பதில் அவர் காட்டிய தீவிரம், சாரதிகளின் பாதுகாப்பைப் பின்தள்ளியதென்ற கண்டனம் அவரை விடாது தொடர்ந்தது. 1970 இல் அவரது காரை ஓட்டிய ஜொகன் ரின்ட், இத்தாலியின் மொன்சாவில் உயிரிழந்தார். அவ்வாண்டின் உலக சம்பியன் பட்டம் அவரது மறைவின் பின்னரே அவருக்குக் கிட்டியது. டிலோரியன் கார்த் திட்டத்தின் நிதி மோசடியிலும் சப்மனின் பெயர் அடிபட்டது. 1982 டிசம்பர் 16 ஆம் திகதி, 54 வயதில் மாரடைப்பால் அவர் காலமானார். அம்மோசடிக்காக அவரது நிறுவன நிதிப் பொறுப்பாளர் 1992 இல் சிறைத்தண்டனை பெற்றார்.

திறமை சிறு கராஜிலும் பிறக்கும். நேர்மையும் உயிர்களின் மீதான அக்கறையும் இல்லாவிடின் அதன் புகழில் கறை படியும் என்பதே இவ்வாழ்வு தரும் பாடமாகும். வாவிக்கரைக் கராஜ்களில் உழைக்கும் எமது பிள்ளைகளுக்குக் கைத்தொழிலுடன் அளவீடும் கணிதமும் பாதுகாப்பு நெறியும் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். அவர்களது தொழிலுக்குரிய மதிப்பை வழங்குவதில் இரு சமூகத்துப் பெற்றோரும் முந்திக்கொள்ள வேண்டும். தகட்டைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த கரம், பட்டம் தாங்கிய கரத்திற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததல்ல.