மலையடிவாரத்தின் நண்பர்

குட்டி நண்பர்களே, உங்கள் தெருவில் குட்டை முடியுள்ள நாட்டுப் பூனைகள் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறம், கறுப்பு, வரிவரியாக என்று பல நிறங்களில் இருக்கும். உலகத்தில் உள்ள வீட்டுப் பூனைகள் எல்லாமே ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையின் வழி வந்தவைதான். உயர்ந்த ஜாதிப் பூனை என்று பெயர் சூட்டி விலை பேசும் வழக்கமெல்லாம் கடந்த 150 ஆண்டுகளில் வந்ததே. எந்த ஜாதி, என்ன விலை என்று கேட்காமல், வாசலுக்கு வந்த எல்லா உயிரையும் நண்பனாக ஏற்றுக்கொண்ட ஒருவர் திருவண்ணாமலையில் வாழ்ந்தார். அவர்தான் ரமண மகரிஷி.

1879 டிசம்பர் 30-ல் மதுரைக்குத் தெற்கே உள்ள திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயர், அம்மா அழகம்மாள். பிள்ளைக்கு வைத்த பெயர் வேங்கடராமன். அப்பா இறந்த பிறகு, மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். 16 வயதில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, 1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதன் பிறகு அந்த ஊரை விட்டு அவர் எங்கும் போகவே இல்லை!

வந்த புதிதில் பெரிய கோயிலில், ஆயிரங்கால் மண்டபத்துக்கு அடியில் உள்ள பாதாள லிங்கத்தின் இருட்டில் உட்கார்ந்து தியானம் செய்தார். பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண்ணானது. அப்போதும் அவர் அசையவில்லை.

பிறகு மலைமேல் விரூபாட்ச குகையில் பல ஆண்டுகள் வசித்தார். அங்கேதான் குரங்குகளின் சிநேகம் கிடைத்தது. ஒரு நாள் கூட்டத்தின் தலைவன் கடித்துக் குதறியதில், ஒரு சின்னக் குரங்கு நடக்க முடியாமல் குகைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. ரமணர் அதைத் தூக்கி வந்து பராமரித்தார். நொண்டி நடந்ததால் அதற்கு நொண்டி என்றே பெயர்!

மனிதர் கை பட்ட குரங்கைக் கூட்டம் மறுபடி சேர்த்துக்கொள்ளாது என்பார்கள். ஆனால், சில நாள் கழித்து வந்த கூட்டம் நொண்டியைச் சேர்த்துக்கொண்டது. ரமணர் கை பட்டால் மட்டும் அவற்றுக்கு ஆட்சேபணை இல்லை போலும்! அதற்குப் பிறகும் நொண்டி வந்து உரிமையோடு ரமணரின் மடியில் உட்கார்ந்துகொள்ளும். இலையில் சோறு வைத்தால் ஒரு பருக்கைகூடச் சிந்தாது. ஒரு தடவை சிந்திவிட்டது. ஏன் வீணாக்குகிறாய் என்று ரமணர் கேட்டதும், கோபத்தில் அவர் கண்மேல் அடித்துவிட்டது! தண்டனை என்ன தெரியுமா? சில நாள்களுக்கு மடியில் இடம் கிடையாது. நொண்டி கெஞ்சிக் குழைந்தது. கடைசியில் மன்னிப்பும் மடியும் சேர்ந்தே கிடைத்தன.

இன்னொரு நாள், மலையில் நடக்கும்போது ரமணரின் கால் புதரில் இருந்த குளவிக் கூட்டில் பட்டுவிட்டது. குளவிகள் காலை மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை. அவற்றின் வீட்டைக் கலைத்தது தன் கால்தானே என்று, அவை கொட்டி முடிக்கும் வரை அப்படியே நின்றார்.

1922-ல் அம்மா காலமானார். அவருடைய சமாதி அருகே, மலையடிவாரத்தில் ரமணாசிரமம் உருவானது. அங்கே சாப்பாட்டு நேரத்தில் முதல் பங்கு நாய்களுக்கு. அடுத்தது ஏழைகளுக்கு. அதன் பிறகுதான் பக்தர்களுக்கு! நாய்களையும் அணில்களையும் அது, இது என்று ரமணர் சொல்லமாட்டார். அவன், அவள், பையன்கள் என்றுதான் சொல்வார். தாயில்லாத அணில் குஞ்சுகளைத் தன் கையாலேயே வளர்த்திருக்கிறார்.

1926-ல் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பக்தர் ஒரு பசுவையும் கன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். கன்றின் பெயர் லட்சுமி. ஆசிரமத்தில் அப்போது தொழுவம் இல்லாததால், ஊருக்குள் ஒருவர் அவற்றை வளர்த்தார். ஒரு முறை ஆசிரமத்துக்கு வந்து வழி தெரிந்துகொண்ட லட்சுமி, பிறகு தினமும் காலையில் தானாகவே நடந்து வந்து, மாலையில் திரும்பிப் போகும்! பின்னாளில் ஆசிரமத்திலேயே பெரிய தொழுவம் கட்டப்பட்டது.

1948 ஜூன் 18-ம் தேதி லட்சுமிக்குக் கடைசி நாள் வந்தது. வயதான ரமணர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துத் தடவிக் கொடுத்தார். லட்சுமி அமைதியாகக் கண் மூடியது. அதன் நினைவாக ஒரு வெண்பாவும் எழுதினார். லட்சுமி, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளை ஆசிரமத்தில் இன்றும் பார்க்கலாம்.

அதே ஆண்டின் இறுதியில் ரமணரின் இடது கையில் புற்றுநோய்க் கட்டி வந்தது. நான்கு முறை அறுவைச் சிகிச்சை செய்தும் குணமாகவில்லை. படுக்கையில் இருந்த கடைசி நாள்களில் வெளியே மயில் அகவியது. உடனே அவர் விசாரித்தது தன் வலியைப் பற்றி அல்ல. மயிலுக்குத் தீனி போட்டாயிற்றா என்றுதான்! 1950 ஏப்ரல் 14-ம் தேதி இரவு அவர் மறைந்தார்.

நண்பர்களே, இன்று சாயங்காலம் உங்கள் வாசலில் ஒரு நாட்டுப் பூனை வந்து நின்றால் கல்லைத் தேடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். நாளைக்கும் அது உங்களைத் தேடி வரும்!