சூரியனின் எரிபொருளைக் கண்டறிந்த சிசிலியா பெய்ன்

சூரியன் எதனால் ஆனது என்று கேட்டால், இன்று சிறு வகுப்பு மாணவியும் ஐதரசன் என்பாள். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பெரும் விஞ்ஞானிகளே வேறு விடை சொன்னார்கள். பூமியில் உள்ள மூலகங்களே ஏறத்தாழ அதே விகிதத்தில் சூரியனிலும் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை மாற்றியவர் 25 வயதுப் பெண் ஒருவர்.

சிசிலியா பெய்ன் 1900ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி இங்கிலாந்தின் வென்டோவர் என்னும் ஊரில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாயார் மூன்று பிள்ளைகளையும் தனியாக வளர்த்து ஆளாக்கினார். 1919இல் புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வானியலாளர் ஆர்தர் எடிங்டன், சூரிய கிரகணத்தை ஆராய்ந்து வந்த அனுபவத்தைப் பற்றி ஆற்றிய உரையைக் கேட்டார். அறைக்குத் திரும்பியதும் அவ்வுரையை நினைவிலிருந்தே எழுதி வைத்தார். வானியலே தன் வழி என்பது அவருக்கு அன்று உறுதியாயிற்று.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பெண்கள் படிக்கலாம். பட்டம் பெற முடியாது. அந்நிலை 1948 வரை நீடித்தது. ஆகவே 1923இல் சிசிலியா கடல் கடந்து, அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வு நிலையத்தை அடைந்தார்.

அங்கே நட்சத்திரங்களின் நிறமாலைகள் பதிந்த கண்ணாடித் தட்டுகள் குவிந்து கிடந்தன. வங்காள விஞ்ஞானி மேகநாத் சாகா கண்ட அயனாக்கச் சமன்பாட்டைக் கொண்டு சிசிலியா அவற்றை ஆராய்ந்தார். நிறமாலைக் கோடுகளின் வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் வெப்பநிலையே காரணம் எனக் கண்டார். கணித்துப் பார்த்தபோது, நட்சத்திரங்களில் ஐதரசன் உலோகங்களைவிடச் சுமார் பத்து இலட்சம் மடங்கு அதிகமாக இருந்தது.

இம்முடிவைப் புகழ்பெற்ற வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல் ஏற்கவில்லை. அவருடைய சொல்லை மீறி ஓர் இளம் ஆய்வாளரால் முன்னேற முடியாத காலம் அது. எனவே 1925இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில், அந்த அளவு பெரும்பாலும் உண்மையாக இராது என்று சிசிலியாவே எழுத நேர்ந்தது. ஆனால் கணித்த எண்களை அவர் அழிக்கவில்லை. 1929இல் ரஸல் வேறு வழியில் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். சிசிலியாவின் ஆய்வைக் குறிப்பிட்டாலும், பெருமை நெடுங்காலம் ரஸலுக்கே சேர்ந்தது.

சிசிலியா கண்ட உண்மையின் பெறுமதி அடுத்த பத்தாண்டில் புலப்பட்டது. 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஹான்ஸ் பெதே முதலியோர், ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாகும்போதே நட்சத்திரங்கள் ஒளிர்கின்றன என விளக்கினர். நேரேற்றமுள்ள இரு புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளும். அவை நெருங்கினாலும், இணையும் கணத்தில் ஒன்று நியூத்திரனாக மாறவேண்டும். அது மிக அரிது. சூரியனின் மையத்தில் ஒரு புரோத்தன் இதற்காகச் சராசரியாகச் சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது! இவ்வளவு மந்தமான தாக்கம் எப்படி எமக்கு ஒளி தருகிறது? ஐதரசன் அங்கே அவ்வளவு ஏராளமாக இருப்பதால்தான். செக்கனுக்குச் சுமார் 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாக மாறுகிறது. அதில் ஏறத்தாழ 40 இலட்சம் தொன் சக்தியாகிறது. தாக்கம் மந்தமாக நடப்பதனாலேயே சூரியன் ஒரேயடியாக எரிந்து தீராமல் கோடானுகோடி ஆண்டுகள் நிலைக்கிறது.

சிசிலியா 1934இல் ரஷ்ய வானியலாளர் செர்ஜி கபோஷ்கினை மணந்து மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார். குறைந்த ஊதியத்தில், உரிய பதவியின்றி நீண்ட காலம் உழைத்தார். 1956இல்தான் ஹார்வர்ட் அவரைப் பேராசிரியராக்கியது. அங்கே ஒரு துறைக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்ணும் அவரே. 1976இல் அமெரிக்க வானியற் சங்கம் அவருக்கு அளித்த பரிசு, அன்று அவரை மறுத்த ரஸலின் பெயரில் அமைந்தது. 1979 டிசம்பர் 7ஆம் திகதி அவர் மறைந்தார்.

உண்மையைக் காண்பது ஒரு திறமை. அது மறுக்கப்படும்போதும் ஆதாரத்தை அழியாமல் வைத்திருப்பது இன்னொரு திறமை. சிசிலியாவிடம் இரண்டும் இருந்தன. விஞ்ஞானப் பிரிவில் கற்கும் தோழியரே, நீங்கள் கண்ட விடை மற்றவர் விடையோடு பொருந்தாவிட்டால் உடனே அழித்துவிடாதீர்கள். செய்கை வழியை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.