பட்டறையில் பிறந்த ஜெட் எந்திரம்

பாறசாலையிலும் ஆரியங்கோட்டிலும் இருந்து தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் திருவனந்தபுரம் சென்று வேலை பார்ப்போருக்குத் தும்பா விண்வெளி நிலையம் தெரிந்த இடம்தான். அங்கு ஆராயப்படும் ஹைட்ரஜன் எந்திரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அதன் நாயகர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹான்ஸ் வான் ஒஹைன்.

1911 டிசம்பர் 14-ல் டெஸ்ஸாவ் நகரில் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1935-ல் டாக்டர் பட்டம் பெற்றார். உந்துசக்கரம் இல்லாமல், சூடான வாயுவைப் பின்னால் பீய்ச்சி விமானத்தைச் செலுத்த வேண்டும் என்பது அவர் கனவு. ஏட்டில் கணக்கு சரி. செய்து தர ஆள் வேண்டுமே! தமது காரைப் பழுது பார்த்துவந்த மெக்கானிக் மாக்ஸ் ஹானிடம் போனார். கைத்தொழிலில் கெட்டிக்காரரான ஹான், மாதிரி எந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். செலவு ஒஹைனுடையது.

மாதிரி சரியாக ஓடவில்லை. பெட்ரோல் உள்ளே முழுதும் எரியாமல் வெளியே வந்து தீயைக் கக்கியது. ஆயினும் பேராசிரியர் போலின் சிபாரிசால், விமானத் தொழிலதிபர் ஹெய்ங்கல் 1936-ல் ஒஹைனையும் ஹானையும் சேர்த்தே வேலைக்கு எடுத்தார்.

முதலாளியோ விரைவில் பலன் காட்ட வேண்டும் என்றார். எரிகலனைச் சீர்செய்யக் காலம் பிடிக்கும். ஒஹைன் எளிதில், வேகமாக எரியும் ஹைட்ரஜனைக் கையில் எடுத்தார். 1937-ல் எந்திரம் சீராகச் சுழன்றது. முதலாளிக்கு நம்பிக்கை வந்தது. எரிகலனை எந்திரத்தின் முன்பகுதியில் இருந்த காலி இடத்தில் வைக்கலாம் என்று வழி சொன்னவரும் ஹான்தான். 1939 ஆகஸ்ட் 27-ல் ஹெய்ங்கல் 178 விமானம், திரவ எரிபொருளில், உலகின் முதல் ஜெட் விமானமாகப் பறந்தது. ஐந்தே நாளில் உலகப் போர் மூண்டது. ஒஹைனின் உழைப்பு ஹிட்லர் அரசின் போர்ப்பணிக்கே போயிற்று.

1947-ல் அமெரிக்கா சென்ற அவர், 1998 மார்ச் 13-ல் காலமானார்.

ஹைட்ரஜன் ஏன் கைவிடப்பட்டது? திரவமாக்க மைனஸ் 253 டிகிரி குளிர் தேவை. மண்ணெண்ணெய்க்கு வேண்டியதைவிட நான்கு மடங்கு பெரிய தொட்டியும் வேண்டும். ஆனால் கரிப்புகை கிடையாது. 1988-ல் சோவியத் விமானம் ஒன்று ஓர் எந்திரத்தை ஹைட்ரஜனில் இயக்கிப் பறந்தது. 2016 ஆகஸ்ட் 28-ல் நமது இஸ்ரோ, காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி ஹைட்ரஜனை எரிக்கும் ஸ்கிராம்ஜெட் எந்திரத்தை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டில் ஏற்றிச் சோதித்தது. எந்திரம் சுமார் 5 விநாடி எரிந்தது. அதன் உருவாக்கத்தில் தும்பாவுக்கே முக்கியப் பங்கு.

தற்காலிகமாகத் தொட்ட எரிபொருளை உலகம் இன்று மீண்டும் தேடுகிறது. அந்த முதல் எந்திரத்தில் டாக்டர் பட்டத்தின் அறிவோடு, பட்டறைக்காரர் கையின் உழைப்பும் சமமாக நின்றது.