நாகநாடு புனைந்த மறைமலையடிகள்

நிலப்படத்தில் இடம்பெறாத நாடுகள் சில உள. அவற்றிற்கு அரசரும் அரியணையும் கோட்டையும் கானும் உண்டு. எல்லைக்கோடு மட்டும் இல்லை. அத்தகைய நாடு யாதென்று ஆங்கில இலக்கியம் பயிலும் நம் நண்பரை வினவின், அவர் தயங்காது ருரித்தானியா என்பர். அந்தோணி ஹோப் என்பார் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையில், டிரெஸ்டன் நகரைக் கடந்து புகைவண்டியிற் செல்வார் எளிதில் அடையும் இடமாக அது புனையப்பட்டது. பின்னர், வாளும் காதலும் மணிமுடியும் ஒருங்கு விளங்கும் கற்பனை நாடு எதுவாயினும் அப்பெயரே அதற்குப் பொதுப்பெயராயிற்று. தமிழில் இவ்வகை நாடொன்றை முன்னரே அமைத்தார் உளரோ எனின், உளர். அவரைத் தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. தாம்பரத்தில் மின்தொடர் ஏறினால் மூன்றாம் நிலையமாகிய பல்லாவரத்தில் இறங்கலாம். அவ்வூரில் வாழ்ந்த மறைமலையடிகளே அவர். அடிகளைத் தனித்தமிழ் இயக்கத்தின் முதல்வராக அறிந்தார் பலர். ஆங்கிலக் காதற்கதை ஒன்றைத் தமிழாக்கியவரும் அவரே என்று கேட்டு வியவாதார் சிலர்.

அடிகள் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் பிறந்தார். தந்தையார் சொக்கநாதப் பிள்ளை, தாயார் சின்னம்மையார். பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். நாகையிலிருந்த வெசுலியன் மிஷன் பள்ளியில் கற்றுவருகையில் தந்தையார் காலமாக, நான்காம் படிவத்தோடு பள்ளிப்படிப்பு நின்றது. நின்றது பள்ளிப்படிப்பேயன்றிக் கல்வியன்று. நாகையில் புத்தக வணிகம் செய்துவந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம் தமிழ் நூல்களை முறையாகக் கற்றார். சோமசுந்தர நாயகரிடம் சைவ சித்தாந்தம் கேட்டார். ஆங்கிலத்தைத் தம் முயற்சியாலேயே வளர்த்துக்கொண்டார். பட்டம் ஒன்றுமின்றி ஒருவர் இவ்வளவு கற்றல் கூடுமோ என்று, பட்டத்திற்காகவே பயிலும் எம்மனோர்க்குச் சிறிது நாணம் உண்டாகின்றது.

1898ஆம் ஆண்டு கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் பணி ஒன்று காலியாயிற்று. நம் கல்லூரி அந்நாளில் சென்னை நகரின் வடபால், கடற்கரையை அடுத்து இருந்தது. தாம்பரத்துக் காட்டிற்கு வந்தது 1937இல். பணிக்கு வந்தாரை ஆராய்ந்தவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். ஆய்தத்தொடர்க் குற்றியலுகரத்திற்கு எடுத்துக்காட்டு அவர் கேட்டாராக, வேதாசலனார் அஃது தமக்குத் தெரியாதென்று சொல்லி அமர்ந்தார் எனவும், அவ்விடையின் முதற்சொல்லே வேண்டிய எடுத்துக்காட்டாய் இருந்தமை கண்டு சாஸ்திரியார் மகிழ்ந்தார் எனவும் ஒரு செய்தி வழங்குகின்றது. தமிழ் வகுப்பில் இதனைக் கேளாத மாணவர் இலர். இருவரும் உடன்பணி செய்தது ஐந்தாண்டே. 1903ஆம் ஆண்டில் தம் முப்பத்துமூன்றாம் வயதில் சாஸ்திரியார் மறைந்தார். சூரியன், நாராயணன், சாஸ்திரி என்னும் மூன்றினையும் பரிதி, மால், கலைஞர் என்று பெயர்த்துப் பரிதிமாற்கலைஞர் என அவர் புனைந்துகொண்ட பெயரை இங்கு நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

கல்லூரிப் பணியிலிருந்த ஆண்டுகளில் வேதாசலனார் ஞானசாகரம் என்னும் இதழை 1902இல் தொடங்கினார். முல்லைப்பாட்டிற்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை வகுத்தார். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். சைவப் பற்று மிக்கவர் கிறித்தவக் கல்லூரியில் பதின்மூன்றாண்டு இருந்து, சைவ சித்தாந்த மகா சமாசத்தையும் அப்பொழுதே நிறுவினார் என்பது இரு திறத்தார்க்கும் பெருமையே.

பின்னர் 1911 வந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டம் மாறியமையால் தமிழ் கட்டாயப் பாடமாக இருந்த நிலை நீங்கிற்று. விரும்பினார் மட்டும் படிக்கலாம் எனின், விரும்புவார் எத்துணையர்? ஆங்கிலம் உத்தியோகம் தரும். தமிழ் யாது தரும்? வேதாசலனார்க்கு வயது அப்பொழுது முப்பத்தைந்து நிரம்பவில்லை. மனைவியும் மக்களும் இருந்தனர். அவ்வாண்டு ஏப்பிரல் திங்களில் பணியை விட்டு நீங்கினார். மே முதல் நாளில் பல்லாவரத்திற்குக் குடிபெயர்ந்தார். ஆகஸ்டு 27இல் காவியுடை பூண்டார். திங்கள்தோறும் வந்த சம்பளம் போயிற்று. இனி நூல்களும் சொற்பொழிவுகளுமே குடும்பத்திற்கு ஊதியம்.

அதே 1911இல் வெளிவந்ததே குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி என்னும் நெடுங்கதை. ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதிய லீலா என்ற கதையின் தழுவல் அது. அம்மூலத்தின் களம் மிங்கிரேலியா. கருங்கடலின் கீழ்க்கரையில், காகசு மலைச்சாரலில் மெய்யாகவே இருந்த சிற்றரசுதான் அது. 1867இல் உருசியப் பேரரசு அதனை முற்றும் விழுங்கிற்று. ஆயினும் இலண்டனில் இருந்து எழுதியவர்க்கு அது பெயரளவில் அறிந்த தொலைநாடே. கிரீமியப் போரின் செய்திகளால் அப்பக்கத்துப் பெயர்கள் ஆங்கிலேயர் செவியிற் பழகியிருந்த காலமாகிய 1856இல், தம் கற்பனைக்கு வேண்டிய மலையும் மாளிகையும் அங்கே எழுப்பிக்கொண்டார். ருரித்தானியாவிற்கு மூத்த தமக்கை என்று அதனைச் சொல்லலாம்.

ரெய்னால்ட்ஸ் தம் நாட்டில் அறிஞரால் மதிக்கப்பட்டவரல்லர். மலிவு விலையில் வாரந்தோறும் வெளிவந்த அவர் கதைகளைத் தொழிலாளர் விரும்பிப் படித்தனர்; கற்றோர் முகஞ்சுளித்தனர். இந்தியாவிலோ அவருக்கு இருந்த வாசகர் கூட்டம் மிகப் பெரிது. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் முதலானோரும் அவர் கதைகளைத் தழுவினர். இத்தகைய எழுத்தாளரிடம் முல்லைப்பாட்டு ஆராய்ந்த புலவர் கடன்வாங்கலாமோ என்று வினவுவார் உண்டு. யாம் அவ்வாறு வினவோம். வகுப்பிலிருந்து தமிழ் விலக்கப்பட்ட காலத்தில், இளைஞர் கையில் இருந்தது எந்நூலோ அந்நூலிடத்திலேயே தமிழை வைத்தல் அறிவுடைமை. வகுப்பில் இலக்கண நூலின் உள்ளே கதைநூலை மறைத்துப் படிப்பாரை யாமும் அறிவோம். அவர் மறைத்துப் படிக்கும் நூலும் நல்ல தமிழில் இருப்பின் குற்றமென்னை?

மேலும், பெயர் வைத்த நுட்பத்தைக் காண்க. மிங்கிரேலியாவை ஒலிபெயர்த்து விட்டுவிடாமல் நாகநாடு ஆக்கினார். மணிமேகலை பயின்றார்க்கு நாகநாடு புதிதன்று. சோழன் கிள்ளிவளவன் காதலித்த பீலிவளை நாகநாட்டு வேந்தன் மகள்; சாதுவன் கலங்கவிழ்ந்து சேர்ந்த இடமும் நாகர் வாழும் மலைப்பக்கமே. நம் முன்னோர் கற்பனையில் அது கடலுக்கு அப்பாலுள்ள நாடு, காதலும் இடரும் விளையும் நிலம். அயல்நாட்டுக் கதையை இறக்கிவைக்கத் தமிழில் முன்னரே ஒரு நிலம் இருந்தது. அடிகள் அதனைக் கண்டெடுத்தார். லீலாவைத் தமிழ்நங்கையாக்கிக் குமுதவல்லி என்றார்.

பிறநாட்டுக் கதைக்குச் செய்ததனையே பின்னர்த் தமக்கும் செய்துகொண்டார். தம் மகள் நீலாம்பிகையாருடன் 1916ஆம் ஆண்டில் ஒருநாள் உலவுகையில், வள்ளலார் பாடலொன்றில் தேகம் என வரும் இடத்தில் யாக்கை என்றிருப்பின் இன்னும் இனிதாகுமே என்று கூறினாராம்; தனித்தமிழ் முயற்சி அவ்வுரையாடலிற் பிறந்ததென்பர். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி அடிகளாயினார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. பல்லாவரத்தில் நிறுவிய சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. சாஸ்திரியார் முன்னரே காட்டிய வழிதான் இது. பழைய நூல்களையும் பின்பதிப்புகளில் வடசொல் களைந்து திருத்தினார். எனினும் குமுதவல்லியின் குமுதம் வடசொல்லே! ஆம்பல் என்று மாற்றத் தடையில்லை, மாற்றவில்லை. தாம் படைத்த தலைவியிடத்துப் புலவர்க்கு உண்டான பரிவோ என்று யாம் எண்ணி மகிழ்வதுண்டு. பெயர்த்தமைத்த அப்பெயர் இன்று நிலப்படத்திலும் ஏறிவிட்டது: சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேலுள்ள பாலம் அவர் பெயரினது, தாம்பரத்திற்குத் தெற்கே நெடுஞ்சாலையில் உள்ள மறைமலைநகரும் அவ்வாறே.

பல்லாவரத்து வீட்டில் அச்சுக்கூடமும் நூலகமும் இருந்தன. இலங்கைக்கும் சென்று சொற்பொழிவாற்றி மீண்டார். கோகிலாம்பாள் கடிதங்கள் என்னும் கதையும், மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பேராராய்ச்சியும் அங்கிருந்தே வெளிவந்தன. இந்தி கட்டாயமாக்கப்பட்டபொழுது 1938இல் எதிர்ப்பில் முன்னின்றார். ஈட்டிய பொருளில் பெரும்பங்கு நூல்கள் வாங்குவதிலேயே சென்றது. தம் நூல்தொகுதி தமக்குப்பின் சிதறாது எல்லார்க்கும் பயன்பட வேண்டுமென்று விரும்பினார். 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் இயற்கை எய்தினார். அந்நூல்களைக் கொண்டே சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் 1958இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் திறந்தனர்.