அருணாசலத்தில் கேட்டல் பயின்ற துறவி: சுவாமி அபிஷிக்தானந்தர்

கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே அமைந்த அடி அண்ணாமலை, மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளிய தலமாக மரபில் போற்றப்படுகிறது. தெருவில் எழும் இறைபுகழ் துயில்வோர் செவியை எட்டி எழுப்புவது அப்பதிகத்தின் களம். பக்தியின் முதல் நிகழ்வாக அங்கே அமைவது கேட்டலே. அதே மலையின் மறுபுறச் சரிவில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பெனடிக்ட் சபைத் துறவி ஒருவர் இறைவார்த்தையைக் கேட்கும் முறையை மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்றார். சமய ஒப்பியல் நோக்கிலேயே பெரிதும் பேசப்பட்டுவரும் சுவாமி அபிஷிக்தானந்தரின் வாழ்வு, கேட்டலின் வரலாறாகவும் ஆராயத்தக்கது.

ஆன்றி லெ சோ என்னும் இயற்பெயருடைய அவர், 1910 ஆகஸ்டு 30 அன்று பிரான்சின் பிரித்தானிப் பகுதியில், சேன் பிரியாக் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். 1929இல் கெர்கோனான் மடத்தில் சேர்ந்தார். 1935இல் குருப்பட்டம் பெற்றார். புனித பெனடிக்ட் வகுத்த துறவொழுங்கு, கேட்குமாறு ஏவும் சொல்லோடு தொடங்குவது. மடத்து நாளும் அவ்வேவலைச் சுற்றியே அமைந்திருந்தது. குறித்த வேளைகளில் சங்கீதங்களை இசையோடு ஓதுதல், திருநூலின் சிறு பகுதியை மெல்ல வாசித்து மனத்தில் அசைபோடுதல், பிறகு கைத்தொழில் என்ற ஒழுங்கில் இறைவார்த்தை அன்றாட உழைப்போடு பிணைந்திருந்தது. மடத்தின் நூலகராகவும் வழிபாட்டு ஒழுங்கமைப்பாளராகவும் பணியாற்றிய லெ சோவின் செவி அவ்வோதலில் பழகியது. இப்பழக்கத்தைக் கருதாமல் அவருடைய இந்திய வாழ்வை விளங்கிக்கொள்வது அரிது.

1934 முதலே உள்ளத்தில் இருந்த இந்திய வேட்கை 1948 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. குளித்தலையில் பணியாற்றிவந்த ஜூல் மோன்ஷனென் அடிகளாருடன் இணைந்த அவர், 1949 ஜனவரியில் திருவண்ணாமலை சென்று இரமண மகரிஷியைக் கண்டார். முதற்காட்சி அவருக்கு ஏமாற்றமே அளித்தது. எதிர்பார்த்த ஒளியோ பரவசமோ வாய்க்கவில்லை; எதிரே தோன்றியவர் எளிய முதியவர். ஆனால் ஆசிரமத்தில் காலையும் மாலையும் நிகழ்ந்த வேதபாராயணம் அவரை ஆழமாகத் தாக்கியது. பொருள் விளங்கும் முன்பே ஒலி உள்ளே சென்றது. அறிவின் சுமையை இறக்கிவைத்து ஏற்கும் மனத்துடன் இருக்குமாறு அங்கிருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் அவருக்கு அறிவுறுத்தினார். இறையியல் கற்றவருக்கு அது எளிய அறிவுரை அன்று. வேதத்தைக் கேள்வி என்றே வழங்குவதும், குறளில் கேள்விக்குத் தனி அதிகாரம் அமைந்திருப்பதும் தமிழ் மரபு. அவர் வந்து சேர்ந்த மண் செவிக்கு உயர்ந்த இடம் தந்த மண்.

1950 மார்ச் 21 அன்று தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் இருவரும் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என வழங்கும் அவ்விடத்தில் கதராடையும் தமிழகத் துறவிகளின் எளிய உணவும் ஏற்கப்பட்டன. எனினும் 1952 முதல் சில ஆண்டுகள் அபிஷிக்தானந்தரை அருணாசலக் குகைகளே திரும்பத் திரும்ப ஈர்த்தன. மௌனம் காத்து, பிச்சையேற்று அவர் அங்கே தங்கினார்.

அவர் வாழ்வின் நெருக்கடி தொடங்கியதும் அக்குகைகளில்தான். விவிலிய மரபில் இறைவன் பேசுபவன், மனிதன் கேட்பவன். பேசுபவனும் கேட்பவனும் இருவராக நின்றாலன்றி அங்கே வார்த்தைக்கு இடமில்லை. அருணாசலத்து அத்துவித அனுபவமோ இரண்டாமவர் எவரையும் விட்டுவைக்கவில்லை. மௌனமே இறுதியெனில் கிறிஸ்து என்னும் வார்த்தை என்னாகும் என்ற அச்சம் அவருடைய நாட்குறிப்பில் பல ஆண்டுகள் தொடர்கிறது. இந்நாட்டத்தில் மோன்ஷனென் அவருடன் முழுதும் உடன்படவில்லை. திருச்சபைக் கோட்பாட்டின் எல்லையைப் பேணுவதில் அவர் உறுதியாக நின்றார். இவ்வேறுபாட்டைத் தனிமனித முரணாக மட்டும் காண்பது பொருந்தாது. வார்த்தையைக் காப்பதா, வார்த்தை பிறக்கும் மௌனத்துக்குள் இறங்குவதா என்ற பழைய வினாவே அவ்விருவரிடையே நின்றது. 1955இல் திருக்கோவலூர் தபோவனத்து ஞானானந்த கிரி சுவாமிகளைச் சந்தித்தது இரண்டாம் வழியில் அவரை மேலும் செலுத்தியது. ஆயினும் அவர் குருத்துவத்தைத் துறக்கவில்லை. திருச்சபைக்குள்ளேயே இறுதிவரை வாழ்ந்தார். முரணைத் தீர்த்துவிட்டதாக அவர் காட்டிக்கொள்ளாததே அவருடைய எழுத்துக்கு நம்பகத்தன்மை தருகிறது.

1957இல் மோன்ஷனென் பாரிசில் மறைந்தார். 1960இல் இந்தியக் குடியுரிமை பெற்ற அபிஷிக்தானந்தர் பின்னர் உத்தரகாசியில் மிகுதியும் தங்கினார். 1968இல் சாந்திவனப் பொறுப்பு பீட் கிரிஃபித்ஸ் அடிகளாரிடம் சென்றது. இறைவேண்டல் குறித்து 1967இல் வெளிவந்த அவருடைய சிறுநூல் இக்காலத்தின் கனி. வேண்டலைக் குறித்த நேரத்துச் செயலாகச் சுருக்காமல், உண்ணல், உழைத்தல், எதிர்ப்படுவோரோடு உரையாடல் அனைத்திலும் இறையிருப்பை உணரும் நிலையாக அந்நூல் விரிக்கிறது. குகைத் தவத்தின் பயன் இல்லறத்தார்க்கும் உரியதாகும் இடம் இதுவே. ஆய்வாளர் பலரும் நாட்குறிப்புக்குத் தரும் கவனத்தை இந்நூலுக்குத் தராதது குறையே.

1973 ஜூலை 14 அன்று ரிஷிகேசத் தெருவில் மாரடைப்பால் வீழ்ந்தார். அவ்வீழ்ச்சியை அவர் துன்பமாகக் கருதாமல் விழிப்பாகவே உணர்ந்தார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார். அருணாசல நினைவுகளை அவர் பிரெஞ்சில் எழுதிய நூல் 1978இல்தான் அச்சேறியது.