நாவலரவர்களும் சிறார் ஒழுக்கமும்

சைவமுஞ் செந்தமிழுந் தழைக்க உழைத்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள், யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராக 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் தோன்றினார்கள். சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் என்பாரிடந் தமிழ் பயின்று, பேர்சிவல் பாதிரியாரது வெஸ்லியன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்கள். பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தபோது உடனிருந்து உதவியவரும் இவர்களே.

சைவப் பிள்ளைகள் தஞ்சமயம் இன்னதென்றறியாது வளர்தல் கண்டு மனம் நொந்த நாவலரவர்கள், 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவாலயத்திலே பிரசங்கந் தொடங்கினார்கள். 1848இல் பாதிரியாரிடம் பெற்ற வேதனத்தைத் துறந்து, அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். இல்வாழ்விற் புகாது நைட்டிகப் பிரமசாரியாகவே நின்றார்கள். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

அவர்கள் சிறுவர்க்கென ஆக்கிய பாலபாடங்கள் ஈண்டுக் கருதத்தக்கன. நான்காம் பாலபாடத்திலே கடவுள், ஆன்மா என்பவற்றை முன்வைத்து, அதன்பின்னரே கொலை, கள், களவு, வியபிசாரம், பொய், சூது முதலியவற்றை விலக்கினார்கள். இம்முறை வைப்பின் கருத்து ஆராயற்பாலது. தான் இன்னானென அறியாத சிறுவனுக்கு விலக்கு வெறும் அச்சமாம். தன்னுடம்பு ஆன்மா ஈடேறும்பொருட்டு இறைவன் தந்த கருவி என்றறிந்தவனுக்கோ அது தன்மதிப்பாம். சைவ வினாவிடையும் அவ்வாறே பயன்படுவது. வினாவுக்கு விடை கூறிப் பழகும் குழந்தை, அஞ்சாது வாய்திறந்து பேசவும் பழகுகின்றது.

1864இல் சிதம்பரத்திலும் வித்தியாசாலை தாபித்த நாவலரவர்கள், யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தகாலை கஞ்சி வார்த்து ஏழைகளைக் காத்து, 1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் சிவபதமெய்தினார்கள்.

வலிதாயம், முல்லைவாயில், வேற்காடு என்னும் பாடல்பெற்ற தலங்கள் பொலியும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களிலே, தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லத் தனித்திருக்குஞ் சிறார் இந்நாளிற் பலர். அவர்க்கு ஒழுக்கம் போதிக்கும் நாம், தீமை செய்யாதே எனக் கூறி அமைகின்றோம். தீமை தன்மேல் வருங்கால் என் செய்வதெனக் கூறாது விடுகின்றோம். பெரியோரைப் பணிக என்னும் பாடத்தோடு, பெரியோராயினுந் தகாவகை தீண்டுவாராயின் மறுத்து விலகுக, நம்பத்தக்கார்க்கு உடனே உரைக்க என்னும் பாடமுஞ் சேர்தல் வேண்டும். பிழை செய்தவர் தந்தையேயாயினும் பிழை பிழையே என்பதற்கு, நாவலரவர்கள் வசனமாக எழுதிய பெரியபுராணத்து விசாரசருமர் சரிதமே சான்று. அவர் மழுவெடுத்ததை அன்று, பெற்றோர்க்காயினும் அஞ்சாது நின்ற நிலையையே நாம் சிறுவர்க்குக் காட்டற்பாலம்.

இன்னுமொன்று. துன்புற்ற குழந்தையை, இது முன்னை வினையென்று கூறி வாயடைப்பார் நம்முள்ளும் உளர். அது சித்தாந்தம் ஆகாது. செய்தவன் ஆகாமியம் ஏற்றிக்கொள்ளுகின்றான். பட்ட குழந்தைபாற் குற்றஞ் சிறிதுமில்லை. அறிந்தும் மறைப்பாரும் அத்தீவினையிற் பங்குடையர். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு நேர்ந்த இக்கொடுமையை அறிந்த எவரும் காவலர்க்கு அறிவித்தல் கடன் என விதிக்கின்றது. குழந்தைகள் தாமே உதவி கோரற்கு 1098 என்னுந் தொலைபேசி எண்ணும் உளது. தேவாரம் பயிற்றும் வகுப்புக்களிலே இவற்றையுஞ் சொல்லித்தருதல் குறைவன்று.

குழந்தை சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்பதே அதன் மதிப்பை அதற்கு உணர்த்தும் முதற்பாடம். மடங்களும் திருக்கோயிற் பாடசாலைகளும் அப்பாடத்தை முதற்கண் தாம் கற்றல் வேண்டும். நாவலரவர்களுக்கு நாம் செலுத்தும் வழிபாடு அதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.